விழாத காளை

ரப்பர் குதிரை என்றாலே எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். காற்றடித்தால் உப்பி நிற்குமே, மேலே ஏறி உட்கார்ந்து இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு குதித்தால் துள்ளித் துள்ளி நகருமே, அந்தச் சனியனைத்தான் சொல்கிறேன். என் அக்கா மகளின் நாலாவது பிறந்தநாளுக்கு, மச்சானோடு ஆபீசில் வேலை பார்க்கிற ஒருவர் அதைப் பளபளக்கும் தாளில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். நல்ல மனுஷன், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் ஒரு குதிரைக்கு நாலு கால் வைத்தவன் அந்த நாலையும் ஏன் அவ்வளவு நெருக்கி வைத்தான்? குழந்தை நேராகக் குதித்தவரைக்கும் குதிரை நின்றது. கொஞ்சம் சாய்ந்து குதித்தாள், குதிரை பக்கவாட்டில் படுத்துவிட்டது. மொட்டை மாடியில் சிமெண்டுத் தரை. குழந்தையின் வலது கால் முழங்காலுக்குக் கீழே முறிந்துபோனது.

செல்லூரில் ஒரு சந்துக்குள் எங்கள் வீடு. கீழ் வீட்டில் அக்கா, மச்சான், குழந்தை. மாடி அறையில் அவள் தங்கச்சி நான். அக்கா டீச்சர், மடிப்புக் கலையாத காட்டன் சேலை, வீட்டிலும் வகுப்பறைக் குரல். நான் மெக்கானிக்கல் டிப்ளமா படித்துவிட்டு, இரண்டு தெரு தள்ளி விசைத்தறிகளுக்கு ஸ்பிரிங் செய்து கொடுக்கும் ஒரு பட்டறையில் வேலை பார்க்கிறேன். எந்தத் தறிக்கு எவ்வளவு கனத்தில் கம்பி, எத்தனை சுற்று என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது என் வேலை. இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்பவர்கள் ஒரு தடவைக்கு மேல் கேட்பதில்லை, என் வாய் அப்படி.

மாவுக்கட்டுப் பிரித்தாயிற்று. எலும்பு நன்றாகச் சேர்ந்துவிட்டது என்று டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ஆனால் எங்கள் வீட்டு மகாராணி அந்தக் காலைத் தரையில் வைக்கவே மாட்டேன் என்றாள். இறக்கி விட்டால் கொக்கு மாதிரி இடது காலில் நிற்பாள், சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டுவாள், அதற்குள் யாரையாவது தூக்கிக்கொள்ளச் சொல்லிக் கை நீட்டுவாள். அக்காவின் இடுப்புதான் அவளுக்குப் பல்லக்கு. குழம்பு கொதித்தாலும், தாள் திருத்தினாலும் அக்கா ஒரு கையை வளைத்து அவளை இடுப்பில் வைத்துக்கொண்டேதான் செய்வாள்.

ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி செய்கிற அம்மா காலை அமுக்கிப் பார்த்துவிட்டு அக்காவைத் தனியாகக் கூப்பிட்டார். நானும் கூடப் போனேன்.

"பாப்பாவுக்கு வலி இல்லம்மா, பயம். ஊனாம ஊனாம அந்தக் கால்ல சதை வத்திக்கிட்டே போகுது. எப்படியாச்சும் துள்ள வைங்க. ரெண்டு காலும் சேந்து தரையை விட்டு எந்திரிக்கணும். இப்ப விட்டுட்டா நொண்டி நொண்டிப் பழகிரும், அப்புறம் அதுவே நடையாயிரும்."

வீட்டுக்கு வந்ததும் அக்கா அடுப்படிக்குள் போய் மிக்சியை ஓட விட்டாள். நெடுநேரம் ஓடியது. எட்டிப் பார்த்தேன். ஜாருக்குள் ஒன்றும் இல்லை. அழுகிற சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்று ஓட விட்டிருக்கிறாள். எனக்கு வந்த கோபத்தில் அந்த ரப்பர் குதிரையைத் தேடி எடுத்து, காற்றுத் திறப்பைப் பிடுங்கி, அது தட்டையாகும்வரை அதன்மேல் நின்றேன்.

"நான் ஒண்ணு செஞ்சு தாரேன்," என்றேன். "பிள்ளை துள்ளும். பொம்மை விழவே விழாது."

மச்சான் பேப்பரை மடித்தார். "ஒன் ஸ்பிரிங்கு தறியை ஆட்டும்த்தா. பிள்ளையை ஆட்டுமா?"

"பொறுத்திருந்து பாருங்க மச்சான்."

முதலில் செய்தது ஆடவே இல்லை. கையில் கிடைத்த தறி ஸ்பிரிங் நாலை ஓர் இரும்புச் சட்டத்தின் மூலைகளில் நிறுத்தி, மேலே ஒரு பலகை வைத்துத் திருகி எடுத்துக்கொண்டு போனேன். மச்சான் ஏறி உட்கார்ந்தார். அசைந்து பார்த்தார். "பெஞ்சு நல்லாருக்கு. இன்னும் ரெண்டு செஞ்சு குடுத்தீன்னா ரேஷன் கடை வாசல்ல போட்டுறலாம்," என்றார். அக்கா சிரிக்கவில்லை. குழந்தை சிரித்தது, அப்பா சிரித்ததால்.

இரண்டாவதுக்கு மெல்லிய கம்பியில் புதிதாகச் சுற்றினேன். பட்டறையில் ஓர் அரிசி மூட்டையைப் பலகைமேல் வைத்து, என் பலம்கொண்ட மட்டும் அமுக்கி, கையை எடுத்தேன். மூட்டை எழுந்து போய் எங்கள் வெல்டர் அண்ணன் மடியில் உட்கார்ந்தது. அவர் அப்போதுதான் டீக்கிளாசை வாய்க்குக் கொண்டுபோயிருந்தார்.

"ஏத்தா, பிள்ளை துள்ளுறதுக்கா செய்யிற, இல்ல பக்கத்து ஊருக்கு அனுப்புறதுக்கா?" என்றார், மீசையில் டீ சொட்ட. பட்டறையே கைவேலையைப் போட்டுவிட்டுச் சிரித்தது. நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். ஏனென்றால் அந்த நொடியில் எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. ஸ்பிரிங்கை அதன் இஷ்டத்துக்கு விட்டால் நாலு பக்கமும் தள்ளும். மேலும் கீழும் மட்டும் போக வைக்க வேண்டும்.

குழாய்க்குள் குழாய். அவ்வளவுதான். ஒவ்வொரு மூலையிலும் ஒரு பெரிய குழாய், அதற்குள் கிரீஸ் தடவிய சின்னக் குழாய், வெளியே ஸ்பிரிங். மேல் பாகம் எழும்பும், அமுங்கும், சாயாது. குட்டி விரல்கள் கம்பிச் சுருளுக்குள் போய்விடக் கூடாது என்று சுற்றிலும் துணித் திரை. அடியில் கனமான சட்டம், மேலே இலேசான உடம்பு. பலகைமேல் மூட்டையை வைத்தேன். துள்ளியது. இரண்டு மூட்டை வைத்தேன். துள்ளியது, நின்றது. மூட்டைகளை முன்னே தள்ளி, பின்னே தள்ளி, ஓரத்தில் வைத்து எல்லாம் பார்த்தேன். விழவில்லை. சந்தோஷத்தில் பட்டறையை மூன்று சுற்று சுற்றி வந்தேன். வெல்டர் அண்ணன் டீக்கிளாசைத் தூக்கிப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டார்.

அடுத்தது உருவம். குதிரை என்ற பேச்சே கிடையாது. குதிரைப் படத்தைப் பார்த்தாலே குழந்தை அழுதாள். யானை செய்யலாமா, முயல் செய்யலாமா என்று கேட்ட இடத்திலெல்லாம் ஒரே பதில்தான். மதுரையில் துள்ளுகிற ஒன்றைச் செய்கிறாய், அது காளையாக இல்லாமல் வேறென்ன? மச்சான் அப்படிச் சொன்னார். வெல்டர் அண்ணன் சொன்னார். தண்ணீர் வண்டிக்காரர்கூடச் சொல்லிவிட்டுப் போனார். எனக்கும் அதில் மறுபேச்சு இல்லை. பொங்கல் வந்தால் டிவி முன்னால் எழுந்து நின்று கத்துகிற ஆள் நான்.

மேலூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஆட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் சீட் தைக்கிற ஒரு கடை இருக்கிறது. கடைக்காரர் பஞ்சு மெத்தையை வெட்டினால் உருவம் வந்துவிடும் என்று சொன்னார்கள். சட்டத்தைக் கொண்டுபோய் இறக்கி, முதுகு இவ்வளவு அகலம், பிள்ளை உட்கார இவ்வளவு பள்ளம் என்று சாக்பீஸால் தரையில் வரைந்து காட்டினேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே, "திமில் எம்புட்டு?" என்று கேட்டார்.

"அது சும்மா அடையாளத்துக்கு இருந்தாப் போதும்ணே."

அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஒரு நாட்டுமாட்டையே நேரில் அவமானப்படுத்தியதுபோல இருந்தது அந்தப் பார்வை. "திமிலை என்கிட்ட விட்டுரு," என்றார்.

விட்டேன். போய்ப் பார்த்தபோது காளை தயாராக நின்றது. கறுப்பு ரெக்சின் உடம்பு, சைக்கிள் டியூபைச் சுருட்டிச் செய்த மெத்தென்ற கொம்பு, கழுத்தில் சலங்கை. ஸ்பிரிங்கை மறைக்கப் பச்சைத் திரை தொங்கியதால் காளை பாவாடை கட்டியதுபோல இருந்தது. முதுகில் நான் கேட்ட பள்ளம் பேருக்கு இருந்தது. ஆனால் திமில் இருந்த இருப்பு இருக்கிறதே! நல்ல விளைந்த பூசணிக்காயைத் தூக்கி வைத்த அளவுக்கு, ஒருபக்கம் லேசாகச் சரிந்து, தொட்டால் திமிறுகிற மாதிரி. கடைக்காரர் அதை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "இப்ப கொண்டு போ," என்றார்.

டவுன் பஸ்ஸில் ஏற்றினேன். கண்டக்டர் வந்தார். பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அம்மா, ஒங்களுக்கு ஃப்ரீ. காளைக்கு ஃப்ரீ இல்ல."

"அப்ப பசுன்னு வச்சுக்கங்கண்ணே."

அவர் கொஞ்சம் குனிந்து பார்த்தார். "இம்புட்டுத் திமிலோட பசுவா?"

பஸ் முழுக்கச் சிரிப்பு. பின் சீட்டிலிருந்து ஒருவர், "லக்கேஜ் போடாத மாப்ள, சாமி மாடுய்யா அது!" என்று கத்தினார். பூக்கூடையோடு வந்த ஓர் அம்மா காளையின் நெற்றியில் குங்குமம் வைத்தார். ஏறுகிறவர்கள், இறங்குகிறவர்கள் எல்லோரும் அந்தத் திமிலை ஒரு தடவு தடவிவிட்டுத்தான் போனார்கள். நிற்க இடமில்லாத பஸ்ஸில், மெத்தென்று ஒரு முதுகு காலியாக இருந்தும், ஒருவர்கூட அதன்மேல் உட்காரவில்லை. எனக்கு அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். நான்தான் பெருமையில் மிதந்துகொண்டிருந்தேனே.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சந்தின் நடுவே காளையை இறக்கினேன். அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். முதலில் சந்துப் பிள்ளைகள் ஆடட்டும், இவள் பார்த்து ஆசைப்படட்டும் என்பது என் திட்டம். பிள்ளைகள் ஓடி வந்தார்கள். வந்த வேகத்தில் பத்தடி தள்ளி நின்றுவிட்டார்கள்.

மூலை வீட்டில் எட்டு வயசில் ஒரு பெண் இருக்கிறாள். சந்தில் அவள் வைத்ததுதான் சட்டம். அவள் இரண்டு பைக்குகளுக்கு நடுவே காளையைத் தள்ளிக்கொண்டுபோய் நிறுத்தினாள். அதுதான் வாடிவாசல் என்று எனக்குப் புரிவதற்குள் வீட்டுக்குள் ஓடி ஒரு கரண்டியை எடுத்துவந்து வாய்முன் பிடித்தாள்.

"செல்லூர் சித்தி மாடு! சித்தி மாடு வருதுப்பா! கொம்பைத் தொடக் கூடாது, வாலைத் தொடக் கூடாது! திமிலைப் புடி! மூணு துள்ளு நின்னா அண்டா பரிசு! விடாதே, விடாதே, விடாதே!"

அவ்வளவுதான். அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு பையன் பாய்ந்தான். பக்கவாட்டிலிருந்து வந்து திமிலைக் கட்டிப்பிடித்துத் தொங்கினான். அவனுக்குப் பின்னால் இன்னொருத்தி. அந்தப் பக்கம் போட்ட கையை இந்தப் பக்கம் எடுக்காமல் இரண்டு பேரும் இழுத்தார்கள்.

"ஏய், மேல உக்காருங்கடா! உக்காந்து குதிக்கணும்டா!" என்று கத்தினேன்.

ஐந்து வயசுக்காரன் ஒருவன் என்னை ஏறிட்டுப் பார்த்துச் சொன்னான், "காளை மேல யாராச்சும் உக்காருவாங்களா? சாமிதான் உக்காரும்."

சந்தில் நின்ற பெரியவர்கள் எல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மச்சான் வாசல்படியில் உட்கார்ந்தே விட்டார். எனக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மதுரையில் பிறந்து, மதுரையில் வளர்ந்து, காளையைச் செய்து அதில் சீட் வைத்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். போனில் நான் பார்த்த துள்ளு பொம்மைப் படங்களெல்லாம் குதிரை, ஒட்டகம், கழுதை. எல்லாம் ஏறி உட்காருகிற ஜாதி. அந்தக் கணக்கை அப்படியே தூக்கிக் காளைக்குப் போட்டிருந்தேன்.

அக்காவின் இடுப்பிலிருந்து குழந்தை முன்னால் சாய்ந்து கைதட்டிக்கொண்டிருந்தாள். மாவுக்கட்டு போட்ட நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நாங்கள் பார்க்கவில்லை. அக்கா முகத்திலும் ஒரு வெளிச்சம். அந்த நேரம் பார்த்து மூன்றாவது பிள்ளை திமிலில் தொங்கியது. உட்காருகிற எடைக்கு நான் போட்ட சட்டம் ஒருபக்கம் தூக்கியது. சலங்கை குலுங்க, பச்சைப் பாவாடை பறக்க, காளை படுத்துவிட்டது. பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லை. எழுந்து புழுதி தட்டி, ஜெயித்துவிட்டோம் என்று கத்தினார்கள்.

எங்கள் மகாராணி மட்டும் முகத்தை அக்காவின் தோளில் புதைத்துக்கொண்டாள். ஒரு கை வலது காலை இறுகப் பிடித்திருந்தது.

"இதுவும் விழுகுது," என்றாள்.

அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "போதும்டி. எடுத்துட்டுப் போயிரு," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்குச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. விழவே விழாது என்று நான் சொன்ன வாய் கசந்தது.

காளையை மாடிப்படிக்குக் கீழே சாத்தி வைத்தேன். மறுநாள் காலையில் அக்கா அவளைத் தூக்கிக்கொண்டு அந்த வழியாகப் போனபோது, அவள் நிறுத்தச் சொன்னாள். காளையையே பார்த்தாள்.

"சித்தி, காளைக்குக் கால் ஒடஞ்சிருச்சா?"

"இல்லடி தங்கம். நல்லாத்தான் இருக்கு."

"அப்ப ஏன் நிக்க மாட்டேங்குது?"

அதைத்தானடி நாங்களும் உன்னிடம் கேட்கிறோம் என்று வாய்வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். "நிக்க வச்சுத் தாரேன்," என்றேன். அக்கா என் கண்ணைப் பார்க்காமல் போனாள்.

அன்று பட்டறையில் உட்கார்ந்து, கணக்கை முதலிலிருந்து போட்டேன். யாரும் உட்காரப் போவதில்லை. பக்கத்தில் நின்று திமிலைக் கட்டிக்கொண்டு தொங்கப்போகிறார்கள். சரி, அப்படியே ஆகட்டும். சீட்டைத் தூக்கி எறி. யோசிக்க யோசிக்க எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. தொங்குகிற பிள்ளை திமிலை அமுக்கும். ஸ்பிரிங் இறங்கும். உடனே எழும்பும், எழும்பும்போது பிள்ளையையும் கூடத் தூக்கும். பிள்ளை துள்ளாமல் என்ன செய்யும்? பிசியோதெரபி அம்மா சொன்னது இதைத்தானே! உட்கார்ந்து துள்ளினால் பாதி வேலையைப் பின்புறம்தான் செய்யும். நின்று துள்ளினால் முழு வேலையும் காலுக்கு.

அப்படியென்றால் விழாமல் இருக்க என்ன வழி? காளையின் அடியில் இருந்த சட்டத்தை இரண்டு பக்கமும் அகலமாக நீட்டி, மெல்லிய தகடு போட்டு, மேலே ரப்பர் பாய் ஒட்டினேன். திமிலைப் பிடிக்கிற பிள்ளை அந்தத் தகட்டின்மேல் நின்றுதான் பிடிக்க முடியும். எந்தப் பிள்ளை காளையை இழுக்கிறதோ, அதன் எடையே காளையைத் தரையோடு அமுக்கிப் பிடிக்கும். துள்ளும்போது எடை போய்விடுமே? அதற்கு, உடைந்த தறிகளின் இரும்பை நடுவில் அடைத்தேன். வெல்டர் அண்ணன் பற்றவைத்துக்கொண்டே, "இனிமே இத நிஜ மாடே வந்து முட்டினாலும் சாயாது," என்றார்.

அதையும் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. நிஜ மாடு இல்லை, அதனால் நான் தொங்கினேன். மூன்று துள்ளு, காளை முனகியது, சாயவில்லை. வெல்டர் அண்ணன் தொங்கினார். டீ நேரத்துக்குப் பக்கத்துத் தறிக்கூடத்திலிருந்து வந்தவர்கள் வரிசை கட்டினார்கள். ஒருவர் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாடிவாசல் அறிவிப்பைப் பிடித்துக்கொண்டார். விசில் பறந்தது. "தறிக்கார மாப்ள வாரார், வந்துட்டார், புடிச்சுட்டார்!" என்று கூப்பாடு. அந்த நேரம் பார்த்து முதலாளி உள்ளே வந்தார். எல்லோரும் அப்படியே நின்றோம். திமிலில் தொங்கியவர் தொங்கியபடியே நின்றார்.

முதலாளி காளையைச் சுற்றி வந்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். வாட்சைக் கழற்றி வைத்தார். "தள்ளுங்கப்பா," என்றார். அறுபதைத் தாண்டியவர், பேருக்குத் துள்ளுவார் என்று நினைத்தோம். மூன்று துள்ளும் நின்று, நாலாவதும் நின்று, முகம் சிவக்க மூச்சு வாங்கக் கீழே இறங்கி, "எங்கய்யா என் அண்டா?" என்று கேட்டார். பட்டறைத் தகரக் கூரை பிய்த்துக்கொண்டு போகும் அளவுக்குச் சத்தம். காளை நின்ற இடத்தில் நின்றது.

வீடியோ எடுத்துப் பிசியோதெரபி அம்மாவுக்கு அனுப்பினேன், முதலாளி துள்ளியதை வெட்டிவிட்டு. அவர் உடனே கூப்பிட்டார். "கை பாதி கனத்தைத் தாங்கிக்கிரும், காலுக்குப் பயம் கொறையும். நல்லதுதாம்மா, பக்கத்துல ஆள் நின்னு செய்ய விடுங்க," என்றார். மேலூர்க்காரருக்கும் அனுப்பினேன். "நான் அப்பவே சொன்னேன்ல, திமில்தேன் முக்கியம்னு," என்று பதில் வந்தது. அவர் அப்போது அப்படி ஒன்றும் சொல்லவில்லை. இருந்தாலும் அந்தப் பெருமையை அவரிடமே விட்டுவிட்டேன்.

அக்காவைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. அவள் சாதம் வடித்துக்கொண்டே பேசினாள். "அவ கண்ணு முன்னால இன்னொரு தடவ அது விழுந்துச்சுன்னா, அதுக்கப்புறம் அவ எதையும் நம்ப மாட்டா. காலையும் நம்ப மாட்டா, நம்மளையும் நம்ப மாட்டா. தெரிஞ்சுதானே பேசுற?"

"தெரிஞ்சுதான்க்கா பேசுறேன்."

"விழுகாதுல்ல?"

போன தடவை போல வாய் நிறையச் சொல்ல எனக்கு வரவில்லை. "முதல்ல நீ தொங்கிப் பாரு," என்றேன்.

அடுத்த ஞாயிறு காளை மறுபடியும் சந்துக்கு வந்தது. மூலை வீட்டுக்காரி கரண்டியோடு தயாராக நின்றாள். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, ஒரே நேரத்தில் ஒருத்தர்தான், முடிந்ததும் ஓடிப்போய் வரிசைக் கடைசியில் நிற்க வேண்டும், இடையில் புகுந்தால் ஆட்டம் கிடையாது என்று சட்டம் போட்டாள். பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பாய்ந்தார்கள், தொங்கினார்கள், துள்ளினார்கள். காளை நின்றது. எங்கள் மகாராணி இடுப்பிலிருந்து கண் கொட்டாமல் பார்த்தாள். அவள் பார்த்தது பிள்ளைகளை அல்ல. காளையின் காலடியைப் பார்த்தாள், தகடு தூக்குகிறதா என்று.

"அப்பா தொங்கட்டும்," என்றாள்.

மச்சான் தொங்கினார். காளை நின்றது.

"சித்தி."

தொங்கினேன். நின்றது.

"அம்மா."

சந்தே அக்காவைத் திரும்பிப் பார்த்தது. அக்காவிடம் படித்த பிள்ளைகள் பாதிப் பேர் அந்த வரிசையில் நின்றார்கள். அக்கா குழந்தையை மச்சானிடம் கொடுத்தாள். மடிப்புக் கலையாத சேலையின் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். செருப்பைக் கழற்றினாள். போய்த் திமிலைக் கட்டிப்பிடித்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு துள்ளினாள். முதல் துள்ளில் கொண்டை அவிழ்ந்தது. இரண்டாவதில் அவள் வாயிலிருந்து ஒரு கூச்சல் கிளம்பியது, பள்ளிக்கூடத்தில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மூன்றாவதில் சிரித்துக்கொண்டிருந்தாள். "டீச்சருக்கு அண்டா!" என்று கரண்டிக்காரி அலறினாள். காளை நின்றது.

அக்கா தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு வந்து மறுபடியும் குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்தாள். குழந்தை காளையின் காலடியை இன்னொரு தடவை எட்டிப் பார்த்தாள். பிறகு அக்காவின் தோளைத் தட்டினாள்.

"எறக்கி விடு."

இறக்கி விட்டோம். சுவரையும் பைக்குகளையும் பிடித்துக்கொண்டு, இடது காலில் நொண்டி நொண்டிக் காளையிடம் போனாள். நான் ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம். தகட்டின்மேல் ஏறினாள். திமிலை ஒரு விரலால் குத்திப் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, கன்னத்தை அதன்மேல் வைத்தாள். வரிசையில் இருந்த ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.

"சித்தி மாடு," என்று கரண்டிக்காரி இந்தத் தடவை மெதுவாகத்தான் ஆரம்பித்தாள். "சின்னக்குட்டி புடிச்சிருக்கு. விடாதே, விடாதே."

முதல் துள்ளு இடது காலில்தான். வலது கால் மடங்கி மேலேயே இருந்தது. காளை அமுங்கி எழுந்தது, அவளும் எழுந்தாள். "ஒண்ணு!" என்றது சந்து. இரண்டாவதில் இறங்கும்போது வலது காலின் நுனி விரல் ரப்பர் பாயைத் தொட்டது. தொட்டதும் அவள் முகம் சுருங்கியது. என் கை தானாக நீண்டது. வலிக்கவில்லை போலிருக்கிறது; குனிந்து அந்தக் காலையே ஆச்சரியமாகப் பார்த்தாள். "ரெண்டு!" அப்புறம் அவள் அந்தக் காலை ஊன்றினாள். நன்றாக, பாதம் முழுக்க. திமிலை அமுக்கினாள், சலங்கை குலுங்கியது, இரண்டு காலும் சேர்ந்து தரையை விட்டு எழுந்தன. இரண்டுக்கும் கீழே வெயில் விழுந்த ரப்பர் பாய் தெரிந்தது. நான் பார்த்தேன்.

"மூணு!"

சந்து எழுப்பிய சத்தத்தில் மின்கம்பிமேல் உட்கார்ந்திருந்த காக்கைகள் பறந்தன. மச்சான் யாரையோ கட்டிப்பிடித்துக்கொண்டார். யார் என்று அவருக்கே தெரியாது. நான் அழுதேன், சிரித்தேன், எது முதலில் என்று தெரியவில்லை.

கரண்டிக்காரிக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. "முடிஞ்சவங்க பின்னால போகணும்!" என்றாள். "இடம் போயிரும், ஓடு!"

குழந்தை திமிலை விட்டாள். தகட்டிலிருந்து இறங்கி, இடம் போய்விடும் என்ற பதற்றத்தில், எங்கள் யாரையும் திரும்பிப் பார்க்காமல், கொஞ்சம் கோணலாக, கொஞ்சம் தடுமாற்றமாக, இரண்டு காலாலும் ஓடினாள்.

அவளைத் தூக்கிக்கொள்ள நீட்டிய கை இன்னும் வளைந்தபடியே இருக்க, அக்கா வகுப்பறைக் குரலில் கத்தினாள்:

"ஏய், ஓடாதடி! விழுந்துருவ!"

கத்திய பிறகுதான் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. சந்தின் நடுவில், காளைக்குப் பக்கத்தில், அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.